போர்ட்டோவில் மூன்று நாள்கள்: டோரோ பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

செப்டம்பர் கடைசி வாரத்தில் போர்ச்சுக்கலின் போர்ட்டோ நகரில் மூன்று நாள்கள் தங்கப்போகும் சகோதரி ஒருவர், அதில் ஒரு நாளை டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்குவது சரியா என்று கேட்டிருக்கிறார். உடன் வருபவர்கள் கணவரும் 67 வயது மாமியாரும். மாமியாருக்கு முழங்கால் வலி, உணவும் சைவம் மட்டுமே. மது அருந்துபவர் கணவர் ஒருவர்தான், அதுவும் எப்போதாவது. படகில் போவதா, ரயிலில் போவதா, கார் எடுப்பதா என்பது கேள்வியின் பிற்பகுதி. ஆனால் அவருடைய மனத்தில் இருக்கும் தயக்கம் இதற்கெல்லாம் முந்தியது என்று நினைக்கிறேன்: குடிக்காதவர்களுக்கு ஒயின் விளையும் ஊரில் என்ன இருக்கிறது, அதற்காக அழகான ஒரு நகரத்தில் கிடைத்த மூன்றில் ஒரு நாளை விட்டுக்கொடுக்கலாமா? போர்ட்டோவில் வசித்துக்கொண்டு, இங்கே வரும் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்வதும் கூடவே சென்று காட்டுவதும் பல ஆண்டுகளாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தாராளமாக ஒதுக்குங்கள். ரயிலில் போங்கள். பின்யாவ் என்ற ஒரே ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணங்களை இனி விரிவாகச் சொல்கிறேன்.

டோரோ ஆறு வட ஸ்பெயினில் சோரியா மாகாணத்து மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 900 கிலோமீட்டர் ஓடி, போர்ட்டோவில் அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. உலகம் அறிந்த போர்ட் ஒயினுக்குப் பெயர் தந்தது இந்த நகரம்தான் என்றாலும், நகரத்தைச் சுற்றி அந்தத் திராட்சை விளைவதில்லை. அது விளையும் பகுதியின் வாயில் ஆற்றோடு 100 கிலோமீட்டர் மேலே, மராவ் மலைத்தொடருக்கு அப்பால் இருக்கிறது. கடலிலிருந்து வரும் மழைமேகங்களை அந்த மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுவதால், போர்ட்டோவில் தூறிக்கொண்டிருக்கும் நாளில்கூட மேலே வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்பது அந்தப் பக்கத்து மக்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லும் பழமொழி. அந்தச் சூட்டில் பழம் நன்றாக இனிக்கும். ஆனால் பீப்பாயில் ஒயின் ஆண்டுக்கணக்கில் முதிர்வதற்கு அந்தச் சூடு ஆகாது. அதனால், குளிர்காலம் கழிந்ததும் புது ஒயினை ஆற்றின் வழியே கீழே கொண்டுவந்து, போர்ட்டோவுக்கு நேர் எதிர்க்கரையில், கடற்காற்று குளிர்விக்கும் விலா நோவா டி கையாவின் கிடங்குகளில் வைத்து முதிரவிட்டார்கள். 1926-இல் இந்த வழக்கம் சட்டமாகவே ஆக்கப்பட்டது. மேலேயுள்ள தோட்டக்காரர்கள் கையாவைத் தொடாமல் நேரடியாக ஏற்றுமதி செய்ய 1986-இல்தான் வழி பிறந்தது. ஆகவே, நகரத்தில் நீங்கள் பார்க்கப்போவது இந்தக் கதையின் பின்பாதி. முன்பாதி மலையில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஆறு. ஒரு சொட்டுகூட வாயில் படாமல் இந்தக் கதையை முழுவதும் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதால்தான், குடிக்காதவர்களையும் நான் தயங்காமல் மேலே அழைத்துச் செல்கிறேன்.

போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் வழிகாட்டிகள் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று உங்களுக்கே புரியும். உறுதியானது இது: பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சோடு பகை முற்றியபோது, ஆங்கிலேய வணிகர்கள் ஒயினுக்காகப் போர்ச்சுக்கலை நாடினார்கள். 1703-இல் கையெழுத்தான மெத்துவன் ஒப்பந்தம் போர்ச்சுக்கீசிய ஒயினுக்கான இறக்குமதி வரியைக் குறைத்தது. அந்த வணிகத்தில் கலப்படமும் விலைச்சரிவும் பெருகவே, 1756-இல் பின்னாளில் போம்பால் பிரபு என்று அறியப்பட்ட முதன்மை அமைச்சர் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தி, எந்த நிலத்துத் திராட்சை இந்த ஒயினுக்கு ஏற்றது என்று எல்லை வகுத்து, கருங்கல் தூண்கள் நட்டு அடையாளமிட்டார். அந்தக் கற்களில் பல இன்றும் தோட்டங்களில் நிற்கின்றன. ஐயத்துக்குரியது இது: ஆங்கிலேய வணிகர் ஒருவரின் மகன்கள் 1678-இல் லாமேகோ ஊர் மடத்தில், ஒயினில் சாராயம் கலக்கும் துறவி ஒருவரைக் கண்டார்கள், அதிலிருந்து போர்ட் ஒயின் பிறந்தது என்ற கதை. சொல்வதற்கு அழகாக இருக்கும், ஆனால் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகிலேயே முதன்முதலில் எல்லை வகுக்கப்பட்ட ஒயின் பகுதி இதுதான் என்ற பெருமையையும் அடிக்கடி கேட்பீர்கள். ஹங்கேரியின் டோக்கை, இத்தாலியின் கியாந்தி ஆகிய பகுதிகளுக்கு இதற்கு முன்பே எல்லை அறிவிக்கப்பட்டதுண்டு. ஆனால் எல்லையை வகுத்ததோடு நில்லாமல், நிலத்தைத் தரம் பிரித்து, விலையையும் விற்பனையையும் கண்காணிக்கும் அமைப்பையும் சேர்த்து உருவாக்கியதில் டோரோவுக்கு முக்கிய இடம் உண்டு என்ற அளவில் அந்தப் பெருமை நியாயமானதே.

இனி ரயில். போர்ட்டோ நகரின் நடுவே சாவ் பென்டோ நிலையம் இருக்கிறது. டோரோ வழித்தட ரயில்களில் சில அங்கிருந்தும், சில சற்றுத் தள்ளியுள்ள கம்பன்யா நிலையத்திலிருந்தும் புறப்படும். இரண்டுக்கும் இடையே சில நிமிட ரயில் பயணந்தான். சாவ் பென்டோவின் முன்கூடம் 1916-இல் திறக்கப்பட்டது. ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் ஏறத்தாழ 20,000 ஓடுகளில் வரைந்த நீலநிறக் காட்சிகள் அதன் சுவர்களை மூடியிருக்கின்றன. காலையில் அரைமணி முன்னதாகப் போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். பின்யாவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணிநேரம். பயணச்சீட்டில் இருக்கை எண் இராது. முதலில் ஏறுபவர்களுக்கே நல்ல சன்னல் கிடைக்கும் என்பதால், புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள், பயணத் திசையில் வலப்பக்கம் அமருங்கள். முதல் ஒரு மணிநேரத்துக்கு மேல் புறநகரும் சோளக்கொல்லைகளும் சிறு ஊர்களுமே வரும். இதற்கா வந்தோம் என்று மாமியார் கேட்டால் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு தண்டவாளம் திடீரென்று இறங்கி ஆற்றை ஒட்டிச் சேர்ந்துகொள்ளும், பின்யாவ் வரை ஆற்றை விடாது. பல இடங்களில் சன்னலுக்குக் கீழே கரைகூடத் தெரியாது, தண்ணீர் மட்டுமே தெரியும். ரயில்பாதை 1879-இல் பின்யாவுக்கு முன்பாக வரும் ரேகுவா ஊரையும் 1880-இல் பின்யாவையும் எட்டியது. அதற்கு முன் இந்த ஊர்களுக்கு ஆறுதான் சாலை. 65 வயது கடந்தவர்களுக்குப் போர்ச்சுக்கல் ரயில்வே பாதிக் கட்டணமே வாங்குகிறது. மாமியாரின் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஏறும் படி உயரமாக இருக்கும், அதற்கு மட்டும் ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கும்.

ரேகுவாவைத் தாண்டியதும் எதிர்க்கரை மலையைக் கவனித்துப் பாருங்கள். ஒரே மலைச்சரிவில் மூன்று காலத்து உழைப்பைப் படிக்கலாம். மண் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இயல்பாக இல்லை. தகடு தகடாகப் பிளக்கும் சிஸ்ட் என்ற பாறைதான் உண்டு. அந்தப் பாறையை உடைத்து, சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் வைத்துச் சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னால் உடைத்த கல்லையே நிரப்பி, அதில் கொடி நட்டார்கள். நெருக்கமான கற்சுவர்கள், ஒவ்வொரு படியிலும் ஓரிரு வரிசைக் கொடிகள் என்று தெரிந்தால் அது பழைய முறை. சுவரே இல்லாமல், புல் முளைத்த மண்சரிவுகளுக்கு நடுவே அகலமான படிகள் தெரிந்தால், அவை 1970-களுக்குப் பின் இயந்திரத்தால் வெட்டப்பட்டவை. படியே இல்லாமல், மலையின் அடியிலிருந்து உச்சியை நோக்கி நேர்க்கோடுகளாகக் கொடிகள் ஏறினால் அது மூன்றாவது முறை. சரிவு ஓரளவு மிதமாக உள்ள இடங்களில்தான் அதைச் செய்ய முடியும். இந்த மூன்றுக்கும் நடுவே, சுவர்கள் மட்டும் நின்று, புதரும் ஆலிவ் மரங்களும் மண்டிய படிகளையும் காண்பீர்கள். 1860-களிலிருந்து ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி இப்பள்ளத்தாக்கின் கொடிகளை அழித்தபோது கைவிடப்பட்டு, பிறகு யாரும் திரும்பி நடாத நிலங்கள் அவை. செத்துப்போன நிலம் என்ற பொருளிலேயே ஊரார் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். யுனெஸ்கோ 2001-இல் 24,600 ஹெக்டேர் பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது மதித்தது இந்த மனித உழைப்பைத்தான். வயல் வேலையை அறிந்த பெரியவர்கள் எவரையும் விட அதிகநேரம் இந்தச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். உங்கள் மாமியாருக்கும் இது பிடிக்கும் என்று நம்புகிறேன்.

பின்யாவ் மிகச் சிறிய ஊர். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமே அதுதான்: நிலையம், ஆற்றங்கரை, படகுத்துறை, ஒரு தோட்டம் எல்லாம் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. நிலையத்தின் வெளிச்சுவர்களில் 1937-இல் பதித்த 24 ஓட்டுப் படங்கள் உண்டு. பழம் பறிக்கும் பெண்கள், உயரமான கூடைகளை முதுகில் சுமந்து இறங்கும் ஆண்கள், பீப்பாய் ஏற்றிய படகுகள் என்று அறுவடையின் ஒவ்வொரு கட்டத்தையும் அவை காட்டுகின்றன. மேலே தோட்டத்துக்குப் போகாவிட்டாலும் அவற்றை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் வேலையின் வரிசை விளங்கிவிடும். நிலையத்துக்கு அருகிலேயே போம்ஃபிம் என்ற பழைய தோட்டம் இருக்கிறது, நடந்தே போகலாம். ஆனால் முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள், அதிலும் அறுவடைக் காலத்தில். பழம் பறிப்பு பொதுவாக ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நீளும். நீங்கள் வரும் வாரத்தில் எந்தத் தோட்டத்தில் பறிப்பு நடக்கும் என்பதை அந்த ஆண்டின் வெயிலும் மழையும்தான் தீர்மானிக்கும், முன்கூட்டி யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. நடந்தால், லகார் எனப்படும் அகன்ற கருங்கல் தொட்டியைக் காட்டும்படி கேளுங்கள். மிக உயர்ந்த வகை ஒயினுக்கு இன்றும் சில தோட்டங்களில் ஆட்கள் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, தொடையளவு பழக்கூழில் தாளக்கட்டோடு மிதிக்கிறார்கள். பல இடங்களில் அந்த வேலையை இப்போது இயந்திரக் கால்கள் செய்கின்றன. புளிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாள்களில், இனிப்பு பாதி மிஞ்சியிருக்கும்போதே, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ப்பார்கள். ஈஸ்ட் அதில் மடிந்து, புளிப்பு அங்கேயே நின்றுவிடும். போர்ட் ஒயின் இனிப்பாகவும் அதேநேரம் 19 முதல் 22 சதவீத வீரியத்தோடும் இருப்பதன் காரணம் இதுவே. எப்போதாவது குடிக்கும் உங்கள் கணவர், சாதாரண ஒயின் என்று எண்ணி மதிய வெயிலில் இரண்டு மூன்று கோப்பை சாப்பிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போர்ட்டோவிலிருந்து ரேகுவாவுக்கு நாள்முழுதும் போகும் படகுகள் உண்டு. திரும்புவது பெரும்பாலும் ரயிலிலோ பேருந்திலோ இருக்கும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆறேழு மணிநேரம் ஆற்றிலேயே கழிந்து, மலைப்படிகள் அடர்த்தியாகத் தொடங்கும் இடத்தில் பயணம் முடிந்துவிடுகிறது. அதில் பார்க்கத்தக்கது அணைகளைக் கடக்கும் முறை. முன்னும் பின்னும் கதவுள்ள ஒடுங்கிய தொட்டிக்குள் படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பியே மேலே தூக்குகிறார்கள். கரப்பத்தேலோ அணையில் இந்த ஏற்றம் 35 மீட்டர். ஈரச்சுவருக்கு நடுவே படகு மெல்ல மெல்ல உயர்வது சிறுவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் மறக்க முடியாத காட்சி. உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் என்றால் மட்டும் யோசியுங்கள். மற்றவர்களுக்கு, பின்யாவ் துறையிலிருந்து புறப்படும் சிறு படகில் ஒரு மணிநேரமோ, ஆற்றில் இன்னும் மேலே உள்ள துவா என்ற ஊர் வரை சென்று திரும்பும் இரண்டு மணிநேரமோ போதும். பள்ளத்தாக்கின் மிக அழகான பகுதி அதில் வந்துவிடும், மாமியாரும் கால்வலியில்லாமல் நிழலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்க்கலாம். ரபேலோ என்ற பழைய சரக்குப் படகின் வடிவிலேயே பல படகுகளைக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது அமைதியாகத் தெரியும் இந்த ஆறு அணைகளால் அடங்கியது. 1970-களிலும் 80-களிலும் போர்ச்சுக்கல் பகுதியில் ஐந்து அணைகள் கட்டப்படும் வரை, இங்கே பாறைகளும் சுழிகளும் நிறைந்திருந்தன. அதற்கு ஒரு சாட்சி படகில் உங்களுக்குச் சொல்லப்படும் கதை. 1861 மே மாதத்தில், பின்யாவுக்கும் மேலே வலேய்ரா என்ற சுழியில் ஒரு படகு கவிழ்ந்தது. டோரோவுக்கு விரிவான நிலப்படம் வரைந்த ஆங்கிலேய வணிகர் ஃபாரெஸ்டர் பிரபு அதில் மூழ்கி இறந்தார், உடல் கிடைக்கவில்லை. அதே படகில் இருந்த தோனா அன்டோனியா ஃபெரெய்ரா உயிர் பிழைத்தார். இவை உறுதி. இடுப்பில் கட்டியிருந்த பொற்காசுகளின் கனம் ஃபாரெஸ்டரை இழுத்துவிட்டது என்பதும், அகன்ற பாவாடை மிதவையாகி இந்த அம்மையாரைக் காப்பாற்றியது என்பதும் பின்னாளில் சேர்ந்த சுவையாக இருக்கலாம். அந்த அம்மையாரைப் பற்றி உண்மையாகவே தெரிந்தது இந்தக் கதையை விடப் பெரியது. 1811-இல் பிறந்து, இளவயதிலேயே கணவனை இழந்து, வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் நிலம் வாங்கி, கொடி நட்டு, பள்ளத்தாக்கின் மிகப் பெரிய தோட்ட உடைமையாளராக ஆனவர். 1896-இல் மறைந்தார். ரேகுவாப் பகுதியில் இன்றும் அவர் பெயரைச் செல்லமாகச் சுருக்கித்தான் சொல்கிறார்கள்.

கார் எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், உங்கள் நிலையில் தேவையில்லை. ரேகுவாவுக்கும் பின்யாவுக்கும் இடையே ஆற்றின் தென்கரையில் ஓடும் என்222 சாலை மிக அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதை விட்டு மேட்டுத் தோட்டங்களுக்கு ஏறும் சாலைகள் ஒடுங்கியவை, வளைவுக்கு வளைவு தலைசுற்றும். போர்ச்சுக்கலில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை என்பதால், கார் ஓட்டும் நாளில் உங்கள் கணவர் ஒரு கோப்பையைக்கூட நிம்மதியாகச் சுவைக்க முடியாது. குடிக்காதவர் ஒருவர் ஓட்டுவதாக இருந்தாலும், ஓட்டுபவருக்கு ஆற்றைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை.

மேலே போய்வந்த பிறகு கையாவின் கிடங்குகளைப் பாருங்கள், முன்பாக வேண்டாம். இந்த வரிசையை நான் வற்புறுத்தியே சொல்வேன். வெயிலில் காய்ந்த கல்மலையை முந்தின நாள் பார்த்தவருக்குத்தான், இருட்டும் ஈரமும் கலந்த கிடங்குக்குள் நுழைந்ததும் அந்தக் குளிர்ச்சி எதற்காக என்று உடலே சொல்லும். உள்ளே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஏறத்தாழ 550 லிட்டர் கொள்ளும் சிறிய பீப்பாய்களில் ஒயினுக்குக் காற்று மெல்லப் படுகிறது, அதனால் நிறம் வெளுத்துப் பழுப்பாகிறது. அந்த வகைதான் டானி. அதன் குப்பியில் 10, 20, 30, 40 என்று காணும் ஆண்டுகள், பல வயது ஒயின்களைக் கலந்து பெற்ற முதிர்ச்சியின் அளவைச் சொல்கின்றன. ஒரே ஆண்டில் விளைந்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. பெரிய மரத்தொட்டிகளில் வைப்பவை காற்றுப்படாமல் சிவப்பு மாறாமல் இருக்கும், அவை ரூபி வகை. சிறப்பான விளைச்சல் கண்ட ஓராண்டின் ஒயினை இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே குப்பியில் அடைத்து, குப்பிக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிரவிடுவது வின்டேஜ். இதைத் தெரிந்துகொண்டால், உங்கள் கணவர் சுவைத்துப் பார்க்க ஒரு ரூபியும் ஒரு 20 ஆண்டு டானியும் கேட்டால் போதும், வேறுபாடு தானே விளங்கும். எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால் எனக்கு டானிதான். ஆனால் இது நாக்கைப் பொறுத்த விஷயம், நான் ஒயின் சுவைத்துத் தரம்பிரிக்கப் பயின்றவனல்லன். குடிக்காதவர்களும் சுற்றிப் பார்க்கலாம், பல கிடங்குகளில் கேட்டால் திராட்சைச் சாறு தருவார்கள். ஒரு கிடங்கு போதும். இரண்டாவதில் அதே விளக்கந்தான் திரும்ப வரும்.

நகரத்தைப் பொறுத்தவரை பெரிய சிக்கல் மேடும் பள்ளமும்தான். ரிபெய்ரா என்ற ஆற்றங்கரைப் பகுதிக்கும் மேலே உள்ள சாவ் பென்டோவுக்கும் தொலைவு மிகக் குறைவு என்று வரைபடம் காட்டும். அந்தத் தொலைவு முழுவதும் கற்கள் பாவிய செங்குத்துச் சந்துகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதை விட இறங்குவது கடினம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்காக நான் கடைப்பிடிக்கும் வழி இது: மெட்ரோவில் டோம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தைக் கடந்து, கையா பக்கம் ஜார்டிம் டோ மோரோ நிலையத்தில் இறங்குங்கள். அங்கேயிருந்து நகரம் முழுவதும் எதிரே தெரியும். பிறகு அங்கிருந்தே கம்பிவட வண்டியில் கையாவின் ஆற்றங்கரைக்கு இறங்கி, கிடங்கைப் பார்த்துவிட்டு, பாலத்தின் கீழ்த்தளத்தில் சமதரையாக நடந்து ரிபெய்ராவை அடையுங்கள். திரும்ப மேலே ஏற, பாலத்தின் அடியிலிருந்து பட்டாலியா பக்கத்துக்குக் கின்டாயிஸ் இழுவை ரயில் இருக்கிறது. ஒரு படிகூட ஏறாமல் நகரின் இரு கரைகளும் முடிந்துவிடும். அந்தப் பாலம் ஈஃபெல் கட்டியது என்று பலரும் சொல்வார்கள். 1886-இல் திறக்கப்பட்ட அதை வடிவமைத்தவர் ஈஃபெலின் பழைய கூட்டாளியான தியோஃபில் செரிக். ஈஃபெல் நிறுவனம் கட்டியது அதற்குக் கிழக்கே, ஆறு வரும் திசையில் நிற்கும் 1877-ஆம் ஆண்டு மரியா பியா ரயில் பாலம்.

ரிபெய்ராவில் உணவகங்களின் வரிசையைக் கடக்கும்போது, சுவரில் பதித்த ஒரு வெண்கலப் படத்தையும் அதன்கீழ் எரியும் மெழுகுவத்திகளையும் பார்ப்பீர்கள். 1809 மார்ச் 29-ஆம் நாள் நெப்போலியனின் படைகள் நகருக்குள் நுழைந்தபோது, படகுகளை இணைத்துக் கட்டிய பாலத்தின்மேல் தப்பியோடிய மக்கள் கூட்டம் ஆற்றில் விழுந்து மாண்டது. எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை, ஆயிரக்கணக்கில் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் இன்றும் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். படம் எடுக்கும்போது அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். கிளேரிகோஸ் கோபுரம் 200-க்கு மேற்பட்ட படிகள், மாமியாருக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக பங்குச்சந்தை மாளிகையும் அதன் பக்கத்திலேயே பொன் பூசிய மரவேலைப்பாடு நிறைந்த புனித பிரான்சிஸ் தேவாலயமும் உட்கார்ந்து பார்க்கத்தக்கவை. 2022-இல் புதுப்பித்துத் திறந்த பொல்யாவ் சந்தைக்கும் ஒரு மணிநேரம் கொடுங்கள்.

சைவ உணவு நகரத்தில் சிக்கலில்லை, சைவ உணவகங்களும் இந்திய உணவகங்களும் உண்டு. பின்யாவில்தான் திட்டம் வேண்டும். கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கல்டோ வெர்டே சூப்பைப் பார்த்ததும் சைவம் என்று தோன்றும், ஆனால் வழக்கமாக அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவார்கள். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்பதைச் “செம் கார்னி, செம் பெய்ஷி” என்று சொல்லிவிட்டு, குழம்பின் அடிநீர் எதில் செய்தது என்றும் கேளுங்கள். முட்டை சாப்பிடாதவர் என்றால், இந்நாட்டு இனிப்புகளில் பெரும்பாலானவை முட்டை மஞ்சள்கருவில் செய்தவை என்பதையும் மனத்தில் வையுங்கள். பின்யாவுக்கு மட்டும் ரொட்டி, பழம், வறுகடலை என்று ஏதாவது கையில் கொண்டுபோவது நல்லது. மதியம் இரண்டரைக்குப் பிறகு அங்கே சமையலறைகள் மூடத் தொடங்கிவிடும். வழியில் ரேகுவா நிலையத்தருகே வெள்ளை மேலாடை அணிந்த பெண்கள் காகிதம் சுற்றிய சர்க்கரை மிட்டாய் விற்பதை இன்றும் சிலவேளை காணலாம், எலுமிச்சையும் தேனும் மணக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். உணவகங்களில் நீங்கள் கேட்காமலேயே மேசையில் வைக்கும் ரொட்டியும் ஆலிவும் இலவசமல்ல, தொட்டால் கணக்கில் சேரும். வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

மூன்று நாளை இப்படி அடுக்குவேன். வந்திறங்கும் நாள் ஓய்வும் சாவ் பென்டோ, பொல்யாவ் பக்கத்து மேட்டுப்பகுதியும். இரண்டாம் நாள் காலை ரயிலில் பின்யாவ், மாலை திரும்புதல். மூன்றாம் நாள் கையா, பாலம், ரிபெய்ரா. வானிலை அறிக்கையில் இரண்டாம் நாள் பலத்த மழை என்று வந்தால் பின்யாவை மூன்றாம் நாளுக்குத் தள்ளாதீர்கள், மாலை ரயில் தாமதமானால் விமானம் தவறிவிடும். அப்போது பள்ளத்தாக்கை விட்டுவிட்டு, நகரத்து ஆறு பாலங்களையும் சுற்றிக்காட்டும் ஐம்பது நிமிடப் படகோடு நிறைவு கொள்வதே மேல். ரயில் நேரங்களும் கட்டணங்களும் பருவத்துக்குப் பருவம் மாறுபவை. போர்ச்சுக்கலில் ரயில்வே வேலைநிறுத்தங்களும் அவ்வப்போது வருவதுண்டு. எனவே முந்தின மாலை ரயில்வேயின் செயலியில் புறப்பாடு, திரும்புதல் இரண்டையும் சரிபாருங்கள். பின்யாவிலிருந்து திரும்பும் கடைசி ரயிலை நம்பாமல், அதற்கு முந்தியதைப் பிடிப்பதாகவே திட்டமிடுங்கள். முழங்கால் எவ்வளவு தாங்கும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சொன்ன வழியில் அதிகபட்ச நடை, பின்யாவ் நிலையத்திலிருந்து துறைக்கு இறங்கி ஏறும் சரிவுதான். தோட்டத்துக்கான முன்பதிவை இப்போதே செய்துவிடுங்கள், படகுச்சீட்டைப் பின்யாவ் துறையிலேயே அன்று காலை வாங்கிக்கொள்ளலாம்.